பிறக்காதவர்கள் மேல் பொறாமை

எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கினால் வயிறு எரிவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கூடப் படித்தவன் பெரிய ஆளாகிவிட்டால் சோறு தொண்டையில் இறங்காமல் போவதும் உண்டு. என் விஷயம் அப்படிப்பட்டதல்ல. நான் பொறாமைப்பட்டது இன்னும் பிறக்கவே பிறக்காத ஆட்கள் மேல். அவர்களுக்கு முகம் கிடையாது, விலாசம் கிடையாது, பல்கூட முளைக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் அவர்களுக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் என் கடை மூடியிருக்காது.

கடை என்றால் சலவைக் கடை. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. முன்னால் இஸ்திரி மேசை, உள்ளே இரண்டு பெரிய இயந்திரங்கள், பின்னால் வெயில் நன்றாக விழும் முற்றத்தில் கொடிகள். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் பச்சைக் குழந்தைகளைச் சுற்றும் துணிகளும் என்னிடம்தான் வரும். தண்ணீர் இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு கைக்குட்டையைக்கூட வெளுக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் ஏரி வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டு வந்தது நிஜம். நடுவில் மேடு தெரிந்தது, மேட்டில் மாடு மேய்ந்தது. “நாமளே எல்லாத்தையும் குடிச்சுத் தீர்த்துட்டா எப்படி, வரப்போறவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கணும்” என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னபோது நானும் கைதட்டினேன். நியாயமான பேச்சு. அந்த நியாயமான பேச்சுக்கு ஒரு கட்டடம் கட்டினார்கள், அங்கேதான் வந்தது வினை.

கட்டடத்தின் பெயர் வருங்காலத் தலைமுறையினர் நல ஆணையம். வாசலில் புல்தரை. ஊரில் குழாய் சொட்டாத நாட்களிலும் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். வருங்காலத்தினர் வரும்போது முதலில் கண்ணில் படுவது பச்சையாக இருக்க வேண்டுமாம். பின்புறம் நீலச் சலவைக்கல் பதித்த ஒரு குளம். அதற்கு மாதிரி ஏரி என்று பெயர். ஏரி என்றால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்ட ஒன்றாவது வேண்டாமா? அதிகாரிகள் தினமும் காலையில் அதில் இறங்கி நீந்தினார்கள். அது பராமரிப்பு வேலை என்று பலகையில் எழுதியிருந்தது.

உள்ளே விசாரணைக் கூடம். முன்வரிசைகள் முழுக்க மெத்தை வைத்த நாற்காலிகள், எல்லாம் காலி. பிறக்காதவர்களுக்காக ஒதுக்கியவை. குளிர்காற்றும் அந்தப் பக்கமாகத்தான் வீசும். பிறந்து தொலைத்த நாங்கள் கடைசியில் சுவரோரமாக வேர்த்து வடிய நின்றோம். ஒவ்வொரு மனுவும் வாசிக்கப்பட்ட பிறகு தலைவி அம்மா காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலை தாழ்த்தி, “உங்களுக்கு ஆட்சேபனை உண்டா?” என்று கேட்பார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பதில் வராது. பேச வாயில்லாதவர்களின் மௌனத்தை ஆட்சேபனையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மனு தள்ளுபடி. ஆணையத்தின் சொந்தக் கோரிக்கைகளுக்கும் இதே சடங்கு நடக்கும். அப்போது வரும் மௌனம் சம்மதம். “எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு புரிதல் இருக்கு” என்பார் தலைவி அம்மா.

எத்தனை நாள்தான் மௌனத்தையே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது? வருங்காலக் குரல் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். முன்வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து பிறக்காதவர்கள் சார்பில் பேச வேண்டியது வேலை. அந்த வேலை கிடைத்தது என் சகலைக்கு.

என் மனைவியின் அக்கா புருஷன். மழையே இல்லாத ஊரில் குடைக்கடை வைத்து மூடியவர். பிறகு பாத்திரம் விற்றார், நிலம் விற்றார், எதுவும் விற்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே திறமை அழுகை. என் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரே சும்மா நிற்க, இவர் விம்மி விம்மி அழுது படம் பிடித்தவனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவர். நேர்முகத் தேர்வில், நூறு வருஷம் கழித்துப் பிறக்கப் போகிறவராகத் தன்னை நினைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். கண்ணை மூடினார். பொலபொலவென்று கொட்டியது. மற்ற விண்ணப்பதாரர்கள், அதில் இரண்டு பேராசிரியர்கள், எழுந்து போய்விட்டார்களாம்.

வேலையோடு வெள்ளைக் கோட்டு வந்தது, வண்டி வந்தது, வண்டிக்கு ஓட்டுநர் வந்தார். ஒரு நாள் சகலை எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி நாற்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டாள். எனக்கு அவள் என்றைக்கும் நாற்காலியைத் துடைத்துப் போட்டதில்லை.

“அத்தான், தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

சகலை டம்ளரை வாங்கி, உள்ளே பார்த்து, பெருமூச்சு விட்டார். “இது எங்களோட தண்ணிம்மா. எங்களோடதை எடுத்து எங்களுக்கே குடுக்கிறீங்க.”

“எங்களோடதுன்னா?” என்றேன்.

“இனிமே பொறக்கப் போற எங்களோடது, சகலை.”

“நீங்க என்னைவிட ஆறு வயசு மூத்தவர்.”

“இந்த உடம்பு மூத்தது. இப்ப பேசறது நாங்க.” இரண்டு கண்ணும் நிரம்பிவிட்டன. “உங்க தலைமுறை எங்களுக்கு என்ன மிச்சம் வச்சீங்க? சொல்லுங்க.”

நான் அவருக்கு மிச்சம் வைத்தது குடைக்கடைக்குக் கொடுத்த கடன். அவர் கண்ணீரோடு இருந்ததால் அதைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் மனைவி டம்ளரைக் கழுவாமலே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு தூரம் யோசிக்கிறார் பாருங்க. நூறு வருஷம்! நீங்க நாளைக்கு எந்தச் சட்டை போடறதுன்னுகூட யோசிக்க மாட்டீங்க” என்றாள். அன்றைக்கு எரிந்த வயிற்றில் ஒரு இயந்திரத்துக்கு வேண்டிய வெந்நீர் போட்டிருக்கலாம்.

அடுத்த மாதமே என் கடையின் தண்ணீர் இணைப்பை நிறுத்தப் போவதாக ஆணையத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். விசாரணைக்குப் போனேன். சுவரோரமாக நின்றேன். நடு நாற்காலியில் என் சகலை.

“இவர் என்ன பண்றார்?” என்று தலைவி அம்மா கேட்டார்.

“துணி வெளுக்கிறேன் அம்மா. பிரசவ ஆஸ்பத்திரித் துணி.”

“குரல் என்ன சொல்லுது?”

சகலை எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். “நூறு வருஷத்துக்கு அப்புறம் நாங்க அழுக்குத் துணியோட நிக்கிறோம். ஏன் அழுக்குன்னு எங்க பிள்ளைங்க கேக்குது. அப்போ ஒரு மனுஷன் இருந்தான், அவனே எல்லாத்தையும் வெளுத்துட்டான்னு சொல்றோம்.” விம்மினார். கூடத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். தன் மனுவோடு பக்கத்தில் நின்ற ஒரு கொத்தனார் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

“ஆஸ்பத்திரியில பொறக்கிற குழந்தைகளுக்குச் சுத்தமான துணி வேணாமா?” என்றேன்.

தலைவி அம்மா சிரித்தார். கனிவான சிரிப்பு. “நீங்க உயிரோட இருக்கிறவங்களைப் பத்தியே பேசறீங்க. எனக்கு அவங்க மேல கோவமே கிடையாது. ஆனா அவங்ககிட்ட ஒரு குறை. கேள்வி கேக்கறாங்க. குளம் எதுக்கு, வண்டி எதுக்கு, சம்பளம் எதுக்குன்னு. பொறக்காதவங்க இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எங்களைக் கணக்குக் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மக்களுக்குச் சேவை செய்யக் குடுத்து வச்சிருக்கணும். நான் முன்னாடி முதியோர் துறையில இருந்தேன். அங்க தினமும் யாராவது வந்து நிப்பாங்க.”

பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். ஆட்சேபனை உறுதியானது. மறுநாள் மீட்டர்க்காரர் வந்து வால்வைத் திருகி மூடி, ஈயத்தில் சீல் வைத்துவிட்டுப் போனார்.

கடை நின்றது. ஆஸ்பத்திரி மூட்டைகள் வாசலில் குவிந்தன. மூத்த நர்ஸ் அம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். “இருக்கிற விரிப்பையே திருப்பித் திருப்பிப் போடறோம். ரெண்டு பேருக்கு அதுல காய்ச்சல் வந்துடுச்சு. இந்த வாரமும் வெளுத்த துணி வரலைன்னா புதுசா யாரையும் சேர்க்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றார். பேசிக்கொண்டே என் மகளைப் பார்த்தார். என் மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஆஸ்பத்திரியை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

அன்று மத்தியானம் என் மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். மகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, “ஏங்க, இது இன்னும் பொறக்கலையே” என்றாள்.

மூன்று பேரும் ஆணையத்துக்குப் போனோம். தகுதி அதிகாரி என்று ஒருவர் இருந்தார். மெலிந்த, மென்மையான மனிதர். பேத்தியோ பேரனோ சார்பில் தண்ணீர் கேட்டேன்.

“எப்போ பொறக்கப் போறாங்க?”

“ரெண்டு மாசத்துல.”

அவர் முகம் வாடிவிட்டது. “அவ்வளவு சீக்கிரமா? எங்ககிட்ட இருக்கிறவங்க எல்லாம் நூறு, நூத்தம்பது வருஷம் தள்ளி. கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?”

“சார், ஏழு மாசம் ஆயிடுச்சு” என்றாள் மகள்.

“அதான் பிரச்சினை. இவ்வளவு கிட்டத்துல வந்துட்டாங்கன்னா ஒரு மாதிரி நிகழ்கால வாடை வந்துடுது.” மேலதிகாரியிடம் போனார், இருவரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். திரும்பி வந்தபோது எழுந்து நின்று வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட்டார். அண்மை வருங்காலம் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம், இதுவரை யாரும் கேட்காததால் தூசி படிந்து கிடந்ததாம். பிறக்கும்வரை தண்ணீர் உண்டு. ஒரே நிபந்தனை, பயனாளி இடத்தில் இருக்க வேண்டும். அதாவது வயிறு கடைக்குள் இருந்தால்தான் வால்வு திறக்கும்.

மகளுக்கு இஸ்திரி மேசை பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டேன். காலையில் அவள் வந்து உட்கார்ந்ததும் மீட்டர்க்காரர் வால்வைத் திறப்பார். சாயங்காலம் எழுந்ததும் மூடுவார். இயந்திரங்கள் ஓடின. விரிப்புகள் கொடியில் வெள்ளையாக ஆடின. ஆஸ்பத்திரி மறுபடியும் ஆட்களைச் சேர்த்தது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

எங்கே? தினமும் யாராவது ஒரு அதிகாரி பழக்கூடையோடு வருவார். என்னைத் தாண்டிப் போவார். என் மகளைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவள் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, “சௌகரியமா இருக்கீங்களா? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க” என்பார். பதில் வராது. மகிழ்ச்சியாகப் போய்விடுவார். நான் இருபது வருஷமாக வரி கட்டுகிறேன். என்னிடம் யாரும் குறை கேட்டதில்லை. அப்படியே கேட்டாலும் குனிந்து கேட்டதில்லை. அந்தப் பிஞ்சு ஒரு வேலையும் செய்யாமல், உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டு, ஊரையே குனிய வைத்துக்கொண்டிருந்தது. என் ரத்தம்தான், தெரியும். தெரிந்தும் எரிந்தது.

ஒருநாள் மகள் தாகம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். காவலுக்கு உட்கார்ந்திருந்த மீட்டர்க்காரர் பதறி எழுந்தார். “அம்மா, இது அவங்களுக்கு ஒதுக்கினது.”

“நான் குடிச்சாத்தானே அவங்களுக்குப் போகும்?”

அவர் யோசித்தார். நல்ல மனிதர், பாவம். “சரி. ஆனா உங்களுக்காகக் குடிக்கக் கூடாது. அவங்களுக்காகக் குடிங்க.”

“எப்படித் தெரியும் உங்களுக்கு, நான் யாருக்காகக் குடிக்கிறேன்னு?”

“உங்க மனசாட்சிக்கு விட்டுடறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மகள் அன்றிலிருந்து அவர் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உதடு காய்ந்து கிடக்கும், கேட்டால் “ஒண்ணுமில்லப்பா” என்பாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு விரிப்பை மடித்தேன். இணைப்பு போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

குழந்தை ஒரு வெயில் நாளில், காலை வேளையில், ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். என் கடையில் வெளுத்த விரிப்பில், என் கடையில் வெளுத்த துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் வாங்கிப் பார்ப்பதற்குள் ஆணையத்தின் வண்டிகள் வந்துவிட்டன. தலைவி அம்மா, தகுதி அதிகாரி, மீட்டர்க்காரர், பூங்கொத்து, பின்னால் வெள்ளைக் கோட்டில் சகலை. தோளில் புதிதாக ஒரு குடுவை மாட்டியிருந்தார். வருங்காலத்தின் தொண்டை வறளக் கூடாது என்று ஆணையம் கொடுத்ததாம்.

தலைவி அம்மா குழந்தையைப் பார்த்தார். யாரும் குனியவில்லை. “நேத்துவரைக்கும் நீங்க எங்க மரியாதைக்குரியவங்க” என்று ஆரம்பித்தார். “இன்னிக்குக் காலையிலேர்ந்து நிகழ்காலத்தைச் சேர்ந்தவங்க. வாழ்த்துகள். இனிமே நீங்களும் உங்களுக்குப் பின்னாடி வரவங்களை நினைச்சு நடந்துக்கணும். சுவாசத்துலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாத்துலயும் ஒரு கட்டுப்பாடு தேவை. ஏற்கனவே நிறைய அழுறீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“வால்வை மூடி மறுபடியும் சீல் வச்சுட்டேன் அம்மா” என்றார் மீட்டர்க்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆக அவ்வளவுதான். இந்தச் சின்ன உயிர் மேல் இரண்டு மாதமாக நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறந்து பால்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் என் பக்கத்தில், சுவரோரமாக, கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

“கடைக்கு வேற வழி இல்லையா சார்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தகுதி அதிகாரி மென்மையாகத் தொண்டையைக் கனைத்தார். “இருக்கு. அடுத்தது எப்போன்னு உங்க பொண்ணைக் கேட்டுச் சொன்னீங்கன்னா, இப்பவே பதிஞ்சு வச்சுக்கலாம்.”

எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள். என் மனைவியும் பார்த்தாள். சொல்ல நா கூசுகிறது, நானும் பார்த்தேன்.

என் மகள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “தண்ணி” என்றாள்.

யாரும் நகரவில்லை. தகுதி அதிகாரி மட்டும், “யாருக்காக?” என்று பணிவாகக் கேட்டார்.

“எனக்கு.”

“அப்படி ஒரு பிரிவு இல்லையேம்மா.”

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலோரம் நின்ற சகலையின் தோளிலிருந்து குடுவையைப் பிடித்து இழுத்தாள். மூடியைத் திருகினாள். அண்ணாந்து, நிறுத்தாமல், கழுத்தெல்லாம் வழிய, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

“ஐயோ, அது வருங்காலத்தோட தண்ணிம்மா!” என்று சகலை அலறினார்.

“தெரியும் பெரியப்பா.” புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அதைத்தான் இப்போ பெத்துட்டு உக்காந்திருக்கேன்.”

சகலை வாயைத் திறந்தார். எந்தக் குரலும் வரவில்லை. குழந்தை அழுதது, அவர் அழவில்லை. அவர் அழாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கோ, அந்த நிமிடத்தில் வந்த பொறாமை முன்பு எப்போதும் வந்ததில்லை. சகலையின் வண்டியைப் பார்த்தபோதுகூட இந்த மாதிரி நெஞ்சு காயவில்லை. நான் பெற்ற பெண் தாகம் எடுத்ததும் எடுத்துக் குடித்துவிட்டாள். இவ்வளவு நாளும் அந்தச் சுவரோரம் நின்றுகொண்டு நான் மனு கொடுத்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு பெரிய ஸ்பேனரை இரவல் வாங்கினேன். கடைக்குப் போய் ஈயச் சீலைத் தட்டி உடைத்து வால்வைத் திறந்தேன். இயந்திரம் இரண்டும் நிரம்பின. மத்தியானத்துக்குள் கொடி முழுக்க விரிப்பு.

மறுவாரம் விசாரணை. அன்றும் சுவரோரமாக நிற்கச் சொன்னார்கள். நான் நேராக நடந்துபோய் முன்வரிசையில், சகலைக்குப் பக்கத்து மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல குளிர்காற்று. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“ஆணையத்தோட சீலை உடைச்சிருக்கீங்க. எதுக்காக?” என்று தலைவி அம்மா கேட்டார். “ஆஸ்பத்திரிக்காகன்னு சொல்லப் போறீங்களா? பேத்திக்காகவா?”

“இல்லம்மா. பொறாமையில.”

“யார் மேல?”

“என் பொண்ணு மேல.”

விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். பின்னால் சுவரோரமாக நின்ற கூட்டத்திலிருந்து கொத்தனார் மெதுவாக வந்து எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.